ஊருக்கு ஆபத்தைச் சொல்லப் போகிறவருக்கு: மட்டக்களப்பு, அம்பாறைத் தொண்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிராம அனர்த்த முகாமைத்துவக் குழுவில் உங்கள் பெயரையும் எழுதிவிட்டார்கள். ஒரு மேற்சட்டை கிடைத்திருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கை ஒலிபெருக்கியும் கிடைத்திருக்கும். மாரி தொடங்குமுன் ஒரு நாள் கூப்பிட்டு முதலுதவி, கயிறு முடிச்சு எல்லாம் காட்டித் தருவார்கள். ஆனால் இந்த வேலையில் நீங்கள் அதிகம் செய்யப்போவது பேசுவதுதான். ஒரு வீட்டு வாசலில் நின்று "தண்ணி வரப்போகுது, எழும்புங்க" என்று சொல்ல வேண்டும், அவர்களும் எழும்ப வேண்டும். அதற்கு யாரும் பெரிதாகப் பயிற்சி தருவதில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பேச்சைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எச்சரிக்கையைக் கேட்டவர் உடனே புறப்படமாட்டார், விசாரிப்பார். முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். பக்கத்து வளவை எட்டிப் பார்ப்பார். சந்திக் கடைக்குப் போய் "என்னவாம்?" என்று கேட்பார். கட்டாரில் இருக்கும் மகனுக்குப் போன் எடுப்பார், அவன் பேஸ்புக்கில் கண்டதைச் சொல்வான். எங்கள் சனம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். எந்த நாட்டில் ஆராய்ந்தாலும் மனிதர்கள் இதைத்தான் செய்கிறார்கள். இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டால் நீங்கள் கோபப்படுவீர்கள், அவரும் கோபப்படுவார், தண்ணீர் வந்துவிடும். அந்த விசாரிப்பு சீக்கிரம் முடிய வேண்டும், அவர் எங்கே கேட்டாலும் ஒரே பதில் கிடைக்க வேண்டும். உங்கள் வேலை அதுதான்.

அமெரிக்காவில் பிப் லட்டானே, ஜோன் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பொருத்தமானது. ஒருவரை அறையில் இருத்தி, படிவம் ஒன்றை நிரப்பச் சொல்லிவிட்டு, சுவரிலிருந்த துளை வழியாகப் புகையை விட்டார்கள். தனியே இருந்தவர்களில் 75 வீதமானோர் எழுந்து வந்து சொன்னார்கள். வேறு சிலரை, புகையைக் கண்டும் அசையாமல் எழுதிக்கொண்டிருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைத்த இரண்டு பேரோடு இருத்தினார்கள். அவர்களில் எழுந்து வந்தது 10 வீதம்தான். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, படிவத்தை நிரப்பினார்கள். "பக்கத்து வீட்டாக்கள் இருக்காங்கதானே, நாங்களும் பாப்பம்" என்று உங்களிடம் ஒருவர் சொல்லும்போது அவர் அந்த அறையில்தான் இருக்கிறார்.

இன்னொரு பயமும் உண்டு, அது சில அதிகாரிகளிடம் இருப்பது. உறுதியாகத் தெரியாமல் சொன்னால் சனம் பதறியடித்து ஓடும், அதனால் கொஞ்சம் பொறுத்துச் சொல்வோம் என்பார்கள். அனர்த்தங்களில் மனிதர் நடந்துகொள்ளும் விதத்தைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த சமூகவியலாளர் என்ரிக்கோ குவாரன்டெல்லி இதற்கு நேர்மாறாகத்தான் கண்டார். கட்டுக்கடங்காத பதற்றம் மிக அரிது. அடிக்கடி நடப்பது தாமதம். ஆகவே நேரத்தோடு சொல்வதற்குத் தயங்க வேண்டாம்.

உங்கள் ஊருக்கு வருவது எந்தத் தண்ணீர்?

பேசப் போகுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எழுவான்கரையில் கடற்கரையோரம் இருப்பவருக்கும், படுவான்கரையில் வயலோரம் இருப்பவருக்கும் ஒரே எச்சரிக்கை பொருந்தாது. உங்கள் ஊரில் நிற்பது அங்கேயே பெய்த மழையின் தண்ணீரா, உன்னிச்சை, நவகிரி, றூகம் போன்ற குளங்களின் வான்கதவு திறந்ததால் வரும் தண்ணீரா, முகத்துவாரம் அடைபட்டு வாவி ஏறுவதால் வரும் தண்ணீரா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். மழைத்தண்ணீர் கண்முன்னே ஏறும். குளத்துத் தண்ணீர் இங்கே வெயில் எறிக்கும்போதும் வரும். "மழைதான் விட்டுட்டே" என்று ஒருவர் சொல்வது இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான்.

அதே பெரியவர்களிடம் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பெரிய ஞாபகம் இருக்கிறது. 70 வயதுக்காரருக்கு அது 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி. 900க்கும் மேற்பட்டோர் மாண்டது, தென்னை மரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தது எல்லாம் அவருக்கு நேற்றுப்போல. நடு வயதினருக்கு 2004 டிசம்பர் 26. இலங்கையிலேயே அம்பாறை மாவட்டத்தில்தான் ஆகக் கூடுதலானோர் இறந்தார்கள், 10,000க்கும் அதிகம். படுவான்கரைக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது 2011 ஜனவரி வெள்ளம். மனதில் எந்தச் சம்பவம் சுலபமாக எழுகிறதோ அதை வைத்துத்தான் மனிதர்கள் அடுத்த ஆபத்தை அளக்கிறார்கள். "78இலேயே இஞ்ச தண்ணி வரல்ல" என்பவர் பொய் சொல்லவில்லை. 78 காற்றின் ஆண்டு, அவருடைய அளவுகோலே வேறு.

பயத்தை ஆராய்ந்த போல் ஸ்லோவிக் சொன்ன ஒரு விஷயமும் இங்கே உதவும். பழக்கமில்லாதது, ஒரேயடியாகப் பலரைக் கொல்லக்கூடியது, நம் கட்டுப்பாட்டில் இல்லாதது என்றால் மனிதர்கள் அதற்கு அளவுக்கு மீறிப் பயப்படுவார்கள். வருடாவருடம் வருவதற்குப் பயப்படமாட்டார்கள். சுனாமி என்று யாரோ கத்தினால் கரையோரம் முழுவதும் ஓடும். தாம்போதிக்கு (தண்ணீர் பாயும் இடத்தைக் கடக்கும் தாழ்வான வீதிக்கு) மேலால் முழங்காலளவு தண்ணீர் பாய்ந்தால் அதே ஆட்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். ஒரு தொண்டராக நீங்கள் அதிகம் பேச வேண்டியது இந்த இரண்டாவது ஆபத்தைப் பற்றித்தான். கேட்பவருக்குச் சலிப்பாக இருக்கும். இருக்கட்டும்.

விசாரிக்கும் இடங்களை முதலில் பிடியுங்கள்

புரட்டாதி, ஐப்பசியில் செய்து முடிக்க வேண்டிய வேலை இது. உங்கள் பகுதியில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பார்? கோயில் தலைவர், பள்ளிவாசல் நிருவாகத்தினர், பாதர், சந்திக் கடைக்காரர், வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானை, மீனவர் சங்கத்தின் ஆள், முன்பள்ளி ஆசிரியை, ஆட்டோ ஓடும் தம்பி என்று ஒரு பத்துப் பேர் தேறுவார்கள். அவர்களுடைய நம்பரை வாங்கி வையுங்கள். ஆபத்து வரும் நாளில் ஒலிபெருக்கி கத்தத் தொடங்குமுன்பே இவர்களுக்குச் செய்தி போயிருக்க வேண்டும். சனம் விசாரிக்கப் போகும்போது கடைக்காரர் "ஓம், எனக்கும் சொன்னவங்கள், நானும் சாமான் தூக்கிறன்" என்றால் பாதி வேலை முடிந்தது. "எனக்குத் தெரியாதே" என்றால் உங்கள் ஒலிபெருக்கி எவ்வளவு கத்தியும் பயனில்லை.

யார் சொல்வது என்பதும் முக்கியம். பங்களாதேஷில் 1970ஆம் ஆண்டுப் புயலில் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதன் பின்னர் செஞ்சிலுவைச் சங்கமும் அரசும் சேர்ந்து ஊர்த் தொண்டர்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து, கொடியும் ஒலிபெருக்கியும் கொடுத்து, வீடு வீடாகச் சொல்ல வைத்தார்கள். புயல் தங்குமிடங்களும் கட்டினார்கள். 2007இல் வந்த சிட்ர் புயலும் கடுமையானதுதான், இறந்தோர் தொகை ஏறத்தாழ 3,400. வானிலை அறிவியல் வளர்ந்ததும் ஒரு காரணம். ஆனால் அந்த அறிவியலை வாசல் வரை கொண்டுபோனவர்கள் பக்கத்து ஊர்ப் பையன்களும் பெண்களும்தான்.

எங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. "உடனே வெளியேறுங்கள்" என்ற சொல்லைச் சீருடைக்காரர் வாயால் பலமுறை கேட்டு, மூட்டை முடிச்சோடு ஓடி, முகாம்களில் மாதக்கணக்கில் இருந்த சனம் இது. அந்தச் சொல்லுக்கு அவர்கள் உடம்பே மறுத்துவிடும். அதே விஷயத்தை ஊர்க்காரர் சொன்னால் காதில் ஏறும். பாதுகாப்புத் தரப்பின் உதவி படகுக்கும் வாகனத்துக்கும் தேவை, அதை வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் நின்று பேசுவதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவித்தலை எழுதுவது

எங்கள் ஊர்களில் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"பொதுமக்களின் கவனத்திற்கு! நிலவும் சீரற்ற காலநிலை காரணமாகத் தாழ்நிலப் பிரதேசங்களில் வசிப்போர் மிகவும் அவதானமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்."

கேட்பது யார்? தன் வளவு தாழ்நிலம் என்று யார் ஒத்துக்கொள்வார்? அவதானமாக இருப்பது என்றால் என்ன செய்வது, வாசலில் குந்தியிருப்பதா? இந்த அறிவித்தலைக் கேட்ட ஒவ்வொருவரும் விசாரிக்கப் போயே ஆகவேண்டும்.

டெனிஸ் மிலெட்டி, ஜோன் சொரன்சன் என்ற ஆய்வாளர்கள் 1990இல் எச்சரிக்கைகளைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து, ஒரு நல்ல எச்சரிக்கையில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும் என்றார்கள்: சொல்வது யார், என்ன ஆபத்து, எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்குள், என்ன செய்வது. மேலே உள்ள அறிவித்தலைக் கற்பனையாக இப்படி மாற்றலாம்:

"இது எங்கள் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் தரும் அறிவித்தல். இப்போது பின்னேரம் 3 மணி. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்திருக்கிறார்கள். ஆற்றங்கரை வீதிக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் நடுவில் இருக்கும் வீடுகளுக்கு இரவு 9 மணிக்குமுன் இடுப்பளவு தண்ணீர் வரலாம். அந்த வீட்டுக்காரர்கள் 6 மணிக்குள் மகா வித்தியாலயத்துக்கு வாருங்கள். மருந்து, அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு மாடுகளை இப்போதே மேட்டுப் பக்கம் சாய்த்துவிடுங்கள். கோயிலுக்கு மேற்கே உள்ளவர்கள் இப்போதைக்கு வீட்டில் இருக்கலாம். அடுத்த அறிவித்தல் 5 மணிக்கு."

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். யார் போகத் தேவையில்லை என்று சொன்னால்தான் போக வேண்டியவர் நம்புவார். அடுத்த அறிவித்தலுக்கு நேரம் சொல்லிவிட்டால் இடையில் வதந்திக்கு இடம் குறையும். ஆனால் 5 மணி என்று சொன்னால் 5 மணிக்குப் போக வேண்டும், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் "மாற்றம் இல்லை" என்று சொல்லவாவது போங்கள். "வரும்" என்று உறுதி சொல்லாமல் "வரலாம்" என்று சொன்னதால் சனம் அலட்சியம் செய்யும் என்று நினைக்கத் தேவையில்லை. தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துச் சொல்பவரைத்தான் அடுத்த முறையும் நம்புவார்கள்.

முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில் இரண்டு குழுக்களும் ஒரே வாசகத்தைப் பயன்படுத்துங்கள். கோயில் ஒலிபெருக்கி ஒரு நேரமும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வேறு நேரமும் சொன்னால் இரண்டையும் கேட்கும் எல்லை வீதிக்காரர் எதையும் செய்யமாட்டார்.

எண்களை எப்படிச் சொல்வது?

வளிமண்டலவியல் திணைக்களம் "150 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை" என்று சொல்லும். கேட்பவருக்கு அது வெறும் எண். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். 1,000 சதுர அடிக் கூரையில் 150 மில்லிமீற்றர் விழுந்தால் கிட்டத்தட்ட 14,000 லீற்றர். ஆயிரம் லீற்றர்த் தண்ணீர்த் தாங்கி பதினாலு உங்கள் வீட்டுக் கூரையில் மட்டும் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

வீதக்கணக்கைத் தனியாக விட்டுவிடாதீர்கள். கேர்ட் கிகரன்சரும் சக ஆய்வாளர்களும் ஐந்து பெரிய நகரங்களில் "நாளை மழைக்கு 30 வீத வாய்ப்பு" என்றால் என்ன என்று கேட்டார்கள். நாளின் 30 வீத நேரம் பெய்யும் என்றார்கள் சிலர், ஊரின் 30 வீதப் பகுதியில் பெய்யும் என்றார்கள் சிலர். "இதேபோன்ற பத்து நாட்களில் மூன்று நாள் மழை பெய்யும்" என்று சொன்னால் குழப்பம் இல்லை.

எனக்குப் பிடிக்காத ஒரு பேச்சு "நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்". இதைக் கேட்டவர், போன தடவை வந்துவிட்டது, இனி பேரப்பிள்ளை காலத்தில்தான் என்று நிம்மதியாகிவிடுவார். உண்மையில் அதன் கருத்து, ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான். ஒருவர் ஒரு வீட்டில் 30 வருடம் இருந்தால் அப்படியொரு வெள்ளத்தைக் காணும் வாய்ப்பு ஏறத்தாழ 26 வீதம், நாலில் ஒன்று. வீடு கட்டப் போகிறவரிடம் அப்படிச் சொல்லுங்கள்.

எல்லா எண்ணையும்விடச் சிறந்தது சுவரில் ஒரு கோடு. 2011இல் தண்ணீர் நின்ற மட்டத்தைத் தெரிந்தவர்களிடம் கேட்டு, பாடசாலை மதிலிலோ வாசிகசாலைச் சுவரிலோ நீலப் பெயின்டால் கோடு போட்டு ஆண்டை எழுதிவையுங்கள். ஆபத்து நாளில் "அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே வரலாம்" என்று சொன்னால் ஊருக்கே விளங்கும்.

வாசலில் நிற்கும்போது

கட்டுரையின் மிகப் பெரிய பகுதி இதுதான், ஏனென்றால் வேலையின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது.

எடுத்தவுடன் "வெளியேறுங்கள்" என்று தொடங்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், வயதுக்குத் தக்க மாமி, பெரியப்பா, ராத்தா, காக்கா என்று உறவு சொல்லுங்கள். அப்புறம் சின்ன வேலை ஒன்றைக் கேளுங்கள்: "மாமி, பிரசர் குளிசையும் ஐடென்டிற்றியும் ஒரு பேக்கில போட்டாச்சா?" அவர் உள்ளே போய் அதைத் தேடத் தொடங்கினால் விசாரிப்பு முடிந்து செயல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சிறிய ஒரு வேலையைச் செய்துவிட்டவர் அடுத்ததையும் செய்வது சுலபம்.

அவர்கள் சொல்லும் மறுப்புகள் ஏழெட்டுத்தான், திரும்பத் திரும்ப வரும். "இவர் வயலுக்குப் போயிட்டார், வரட்டும்" என்பது முதலாவது. இது உயிரைக் குடித்த வசனம். சுனாமிக்குப் பிறகு அம்பாறைக் கரையோர முகாம்களில் நடந்த ஓர் ஆய்வில், பெண்களும் சிறுவரும் முதியோரும் கூடுதலாக இறந்திருந்தார்கள், அலை வரும்போது வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது. வீட்டில் இருந்து யாரையாவது காத்திருப்பவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே இதை ஐப்பசியிலேயே குடும்பத்தோடு பேசி முடியுங்கள்: அவர் எங்கே இருந்தாலும் நேரே பாடசாலைக்கு வருவார், நீங்கள் அவருக்காக வீட்டில் நிற்க வேண்டாம். கணவரின் வாயாலேயே இதைச் சொல்ல வையுங்கள். அவர் சொல்லாவிட்டால் அன்று அந்தப் பெண் அசையமாட்டார்.

"வீட்டை விட்டால் களவு போகும்." இது வீண் பயம் இல்லை, போயிருக்கிறது. பதில் சொற்களில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. மேட்டில் இருந்து இரவு காவல் பார்க்கும் இரண்டு மூன்று பேரை முன்பே நியமித்து, "இன்னாரும் இன்னாரும் தோணியில் சுற்றுவார்கள்" என்று பெயரோடு சொல்லுங்கள். "மாட்டை என்ன செய்யிற?" என்பதும் இப்படித்தான். ஒரு பசு என்பது அந்த வீட்டின் மாத வருமானம். மாட்டுக்கு இடம் காட்டாமல் மனிதருக்கு மட்டும் இடம் காட்டினால் மனிதர் மாட்டோடு நிற்பார்.

"முகாம் போதும் தம்பி, இனி ஏலாது" என்று ஒரு தாய் சொன்னால் வாதம் செய்ய வேண்டாம். எத்தனை இரவு இருக்க வேண்டிவரும், பெண்களுக்குத் தனி மலசலகூடம் இருக்கிறதா, குமர்ப்பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், சமைப்பது யார் என்று சொல்லுங்கள். இவற்றுக்குப் பதில் உங்களிடம் இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் கேட்டு எடுங்கள். பாடசாலைக்குப் போக விரும்பாதவருக்கு உறவினர் வீடும் நல்ல இடம்தான், யார் எங்கே போனார்கள் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

"கடவுள் காப்பாற்றுவார்." இதற்கு நீங்கள் பதில் சொல்லக் கூடாது. ஐயரோ மௌலவியோ பாதரோ முன்பே தன் பிரசங்கத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

"என்னை விடுங்க, நீங்க போங்க" என்று படுத்திருக்கும் முதியவருக்குத் தூக்கிச்செல்ல நாலு பேரும் ஒரு கதிரையும் வேண்டும். காது கேளாதவர், பார்வை இல்லாதவர், தனியே இருக்கும் கைம்பெண்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், தூரத்து வட்டையில் குடிலில் தங்கிக் காவல் பார்ப்பவர்கள், கடற்கரை வாடியில் உறங்குபவர்கள் ஆகியோர் எங்கே என்ற பட்டியல் உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். ஒலிபெருக்கி இவர்களை எட்டாது.

ஒரு வீதியில் எந்த வீட்டுக்கு முதலில் போவது? மிகவும் பிடிவாதக்காரர் வீட்டுக்குப் போகாதீர்கள். ஊர் மதிக்கும், ஆனால் சீக்கிரம் சம்மதிக்கும் ஒரு குடும்பத்துக்குப் போய், அவர்களை மூட்டையோடு பெரிய வீதி வழியாக, எல்லோரும் பார்க்கும்படி நடக்க வையுங்கள். புகை அறையில் முதலாவது ஆள் எழுந்தால் மற்றவர்களுக்கும் எழ வரும்.

தாம்போதி

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில், அரபுக் கல்லூரியிலிருந்து வீடு திரும்பிய சிறுவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வீதிக்கு மேலால் பாய்ந்த வெள்ளத்தில் இழுபட்டது. பிள்ளைகள் உயிரிழந்தார்கள். மாரியில் கிட்டங்கித் தாம்போதியிலும் கிரான் பக்கத்திலும் சனம் இப்படித்தான் தினமும் கடக்கிறது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை: வேலை, மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் மறுகரையில்.

ஆனால் கடப்பவரின் மனக்கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேற்றும் கடந்தேன், ஒன்றும் ஆகவில்லை. முன்னால் போனவன் போய்விட்டான். மெசின் உயரம், டயர் பெரிது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஆள் இறங்கிவிடுவார். ஓடும் தண்ணீர் அரை அடி உயரமென்றாலும் வளர்ந்த ஒருவரின் காலை வாரும், இரண்டு அடி என்றால் பெரும்பாலான வாகனங்களைத் தூக்கிவிடும். தண்ணீருக்கடியில் வீதி அரிக்கப்பட்டிருந்தால் மேலே நிற்பவருக்குத் தெரியாது. இதைச் சொல்லுங்கள், ஆனால் இது மட்டும் போதாது. கடக்காமல் இருப்பதற்கு வழி காட்டுங்கள்: தண்ணீர் இந்தக் கம்பத்தின் சிவப்புக் கோட்டைத் தொட்டால் எந்த வாகனமும் இறங்காது என்று உழவு இயந்திரக்காரர்கள் எல்லோரையும் மாரிக்குமுன் கூட்டி ஒரு முடிவுக்கு வாருங்கள். தனியாக ஒருவர் மறுத்தால் அவருக்கு வருமானம் போகும், எல்லோரும் சேர்ந்து மறுத்தால் யாருக்கும் வெட்கமில்லை. பாடசாலை, மதரசா அதிபர்களிடம், தண்ணீர் ஏறுமுன் பிள்ளைகளை விடுவது, ஏறிவிட்டால் அங்கேயே இரவு தங்கவைப்பது என்ற இரண்டில் ஒன்றை முன்பே தீர்மானிக்கச் சொல்லுங்கள்.

பயமுறுத்தலாமா?

2004இன் பிணப் படங்களைக் காட்டித்தான் சனத்துக்கு உணர்த்த வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் சொல்வார். வேண்டாம். அந்தப் படத்தில் இருப்பது கேட்பவரின் அக்காவாக இருக்கலாம். அதோடு, செய்வதற்கு ஒன்றும் சொல்லாமல் பயத்தை மட்டும் கூட்டினால் மனம் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தை அடக்கப் பார்க்கும். தொலைக்காட்சியை மாற்றுவார், "வாறது வரட்டும்" என்பார், சிரிப்பார். பயத்தையும் செயலையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். இந்தோனேசியாவின் சிமுலுவே தீவில் 1907ஆம் ஆண்டுச் சுனாமியின் கதையை, "நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு" என்ற கட்டளையோடு சேர்த்தே பாட்டிமார் சொல்லிவந்தார்கள். 2004இல் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தது ஏழு பேர்.

அவர்கள் கதையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. சுமாத்திரா நமக்கு வெகு தூரம், நில அதிர்வை நாம் பலமாக உணரப்போவதில்லை. "கடல் உள்வாங்கினால்தான் சுனாமி" என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. 2004இல் நம் பக்கத்துக்கு முதலில் வந்தது உயர்ந்த அலைதான், பின்வாங்கல் அதற்குப் பிறகு. ஆனால் நில அதிர்வுக்கும் அலைக்கும் இடையில் நமக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருந்தது. இன்று அந்த நேரத்தில் எச்சரிக்கை வரும். கரையோரப் பிள்ளைகளுக்கு ஓடும் பாதையை நடத்திக் காட்டுங்கள், நவம்பர் 5 உலக சுனாமி விழிப்புணர்வு நாள் அதற்கு நல்ல சாட்டு.

வதந்தி

"சுனாமி வருதாம்" என்ற குரல்பதிவு வட்ஸ்அப்பில் வரும். வேறு நாட்டில் வேறு வருடம் எடுத்த காணொளியும் கூடவே வரும். அனுப்பியவரைத் திட்டாதீர்கள், அவரும் விசாரிக்கத்தான் செய்கிறார். 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ மத்திய நிலையத்தில் உறுதிப்படுத்துங்கள். பிறகு உங்கள் குரலிலேயே ஒரு பதிவு போடுங்கள். உண்மையை முதலில் சொல்லுங்கள், வதந்தியைச் சுருக்கமாகக் குறிப்பிடுங்கள், மீண்டும் உண்மையைச் சொல்லி முடியுங்கள். திகதியையும் நேரத்தையும் பதிவுக்குள்ளேயே சொல்ல மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் உங்கள் குரலே வதந்தியாகச் சுற்றும்.

சொன்னது நடக்காவிட்டால்

நடக்காமல் போகும், அதற்குத் தயாராக இருங்கள். 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்து, இங்கே எச்சரிக்கை விடுத்து, கரையோரம் முழுவதும் ஓடியது. பெரிய அலை வரவில்லை. அந்த முறை நிலத்தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, கடலை மேலே தூக்கவில்லை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது எங்கள் பக்கமும் ஆயத்தம் செய்தோம், அது திருகோணமலைக்கு வடக்கால் கரையேறியது.

மறுநாள் காலை முகத்தை மறைக்காதீர்கள். எழும்பிப் போன வீடுகளுக்கே முதலில் போங்கள். ஏன் சொன்னோம், என்ன நடந்தது, ஏன் தப்பினோம் என்று விளக்குங்கள், வந்ததற்கு நன்றி சொல்லுங்கள். ஒரு தடவை வீணானதால் மட்டும் சனம் நம்பிக்கை இழப்பதில்லை. யாரும் வந்து காரணம் சொல்லாவிட்டால்தான் இழக்கிறது. முந்தின நாள் ஓடாமல் இருந்தவர் "பாத்தியா" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டாம், தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

திரும்பிப் போகச் சொல்வது

இதற்கும் அறிவித்தல் வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். தண்ணீர் வடிந்ததும் ஆட்கள் தாமாகவே போய்விடுவார்கள், ஆபத்தில் பாதி அப்போதுதான். கறண்ட் மெயின் சுவிட்சை நனைந்த கையோடு தொட வேண்டாம். அலுமாரிக்குள்ளும் விறகுக்குள்ளும் பாம்பு இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போடும்வரை கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். எந்த வீதி திறந்திருக்கிறது, எந்தத் தாம்போதி இன்னும் பாய்கிறது என்பதையும் அதே அறிவித்தலில் சொல்லுங்கள்.

அந்த வாரத்துக்குள், சுவர்களைக் கழுவி வெள்ளையடிக்குமுன், சேற்றுக் கறை நிற்கும் மட்டத்தில் புதுக் கோடு போட்டு ஆண்டை எழுதுங்கள். யார் சீக்கிரம் எழும்பினார்கள், யார் எழும்பவில்லை, என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் கொப்பியில் குறித்து, அடுத்த ஐப்பசிக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள்.